ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்று மகிழலாமா?

கார் உரிமையாளர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் வண்டியின் பெயரையும் நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் என்ஜின். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. வீட்டிலிருந்து பணியிடம் 5 கிலோமீட்டர். காலையில் போவது, மாலையில் திரும்புவது, இடையே பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என்று எல்லா ஓட்டமும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. நெடுந்தூரப் பயணம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான். கடைசியாக ஆயில் மாற்றி 13 மாதங்கள் ஆகிவிட்டன; ஆனால் அதற்குப் பிறகு 4,600 கிலோமீட்டர்தான் ஓடியிருப்பதால் அவசரமில்லை என்று இருந்துவிட்டார். வாகனக் கையேடு 5டபிள்யூ-30 கிரேடும் (கெட்டித்தன்மையின் அளவு) ஏ.பி.ஐ. எஸ்.பி. தரமும் (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறி) உள்ள ஆயிலைக் கேட்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது.

அவருக்கு ஆலோசனை சொல்பவர்கள் மூவர். கடைக்காரர் 'முழு சிந்தெடிக்' ஆயில் ஒன்றைக் காட்டி, இதை ஊற்றினால் 20,000 கிலோமீட்டர் வரை திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்கிறார். தெரிந்த மெக்கானிக், வண்டிக்கு வயதாகிறது, இனி 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில்தான் என்ஜினைக் காக்கும் என்கிறார். அண்ணனோ, எந்த ஆயிலாக இருந்தாலும் 5,000 கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும் என்கிறார். சிந்தெடிக்குக்கு ஒருமுறை மாறிவிட்டால் பழைய ஆயிலுக்குத் திரும்ப முடியாது, சீல்கள் கசியத் தொடங்கும் என்றும் வாசகர் கேள்விப்பட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பைப் போல ஒரு வரி: "என்ஜின் நல்ல நிலையில் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. போன வாரம் அளவுகோல் கம்பியை எடுத்துப் பார்த்தபோது மேல் குறியையும் சற்றுத் தாண்டியே இருந்தது."

அன்புள்ள வாசகருக்கு,

எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டர் என்ற உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஆயில் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலையோடு எழுதிய எதுவும் என்னைக் கவலைப்படுத்தவில்லை, மகிழ்ச்சியோடு எழுதிய அந்த ஒரு வரிதான் கவலைப்படுத்துகிறது. பயப்படும்படி எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

மேல் குறியைத் தாண்டிய ஆயில்

ஓடும் என்ஜினில் ஆயில் சிறிதளவாவது குறைவதே இயல்பு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரியும். சூட்டில் கொஞ்சம் ஆவியாகும். குறையாமல் அப்படியே நிற்கிறது என்றால், மிக நல்ல என்ஜின் என்றும் கொள்ளலாம், குறைந்த இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது என்றும் கொள்ளலாம். ஊற்றிய அளவைவிடக் கூடியிருக்கிறது என்றால் இரண்டாவது மட்டுமே பொருந்தும், ஏனென்றால் ஆயில் தானாகப் பெருகுவதில்லை.

உங்கள் விஷயத்தில் அந்த 'வேறு ஏதோ' பெரும்பாலும் பெட்ரோலாகத்தான் இருக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது வழக்கத்தைவிட அதிகமான பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் அதில் ஒரு பகுதி சூடேறாத சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்குகளைத் தாண்டி வழிந்து, கீழே ஆயில் தொட்டியில் சேர்ந்துவிடுகிறது. இதோடு தண்ணீரும் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். வேதியியல் கணக்கு அதுதான். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விட்டாலும், ரிங்குகளின் இடுக்கு வழியே கசியும் வாயுவோடு வருவது குளிர்ந்த என்ஜினுக்குள் நீராகப் படிகிறது.

என்ஜின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும். பெட்ரோலின் லேசான பகுதியும் போய்விடும். ஆனால் பெட்ரோல் ஒரே பொருள் அன்று. பல கொதிநிலைகள் கொண்ட திரவங்களின் கலவை அது. அதன் கனமான பகுதி சுமார் 200 டிகிரி வரை சூடு கேட்கும். ஆகவே எவ்வளவு ஓட்டினாலும் அதில் ஒரு பங்கு ஆயிலிலேயே தங்கிவிடும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்திலோ எதுவுமே போகாது. டாஷ்போர்டில் உள்ள வெப்பமுள் நடுவில் வந்து நின்றுவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது குளிர்விப்பு நீரின் வெப்பத்தைக் காட்டும் முள். ஆயில் அதைவிட மிகவும் மெதுவாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வரும் நேரத்தில் ஆயில் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், நீங்களும் பணியிடத்தை அடைந்திருப்பீர்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களின் அளவுகோலில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் அடங்கும். மேற்குறிக்கு மேல் கால்பங்கு ஏறியிருந்தால்கூட அது கால் லிட்டர். உங்கள் என்ஜினைப் போன்றவை மொத்தமே நான்கு லிட்டர் அளவுதான் கொள்ளும்; அப்படியானால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு கலப்பு. இயல்பாகக் குறைந்திருக்க வேண்டிய ஆயிலையும் சேர்த்தால் உண்மையான கலப்பு இன்னும் கூடுதல். நூற்றுக்கு நான்கைந்து பங்கு பெட்ரோல் கலந்தாலே 30 கிரேடு ஆயில் 20 கிரேடின் நிலைக்கு இறங்கிவிடக்கூடும். இதேபோல மிகக் குறைவாகவே ஓடிய ஒரு வண்டியின் ஆயில் ஒருமுறை எங்கள் கூடத்துக்கு வந்தது. நிறத்தைப் பார்த்தால் புத்தம் புதிது போலத் தேன் நிறத்தில் இருந்தது, மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் பெட்ரோல் வாசனை.

இருந்தாலும் பெட்ரோல்தான் என்று முடிவுகட்டுவதற்கு முன் மற்ற இரண்டையும் விலக்கிவிட வேண்டும். போன சர்வீஸில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அன்று எவ்வளவு இருந்தது என்று பார்த்த நினைவிருக்கிறதா? அடுத்தது குளிர்விப்பு நீர். ரேடியேட்டரின் துணைத் தொட்டியில் அளவு குறைந்துகொண்டே வந்து, ஆயிலும் மோர் போல வெளுத்திருந்தால் கேஸ்கெட் (என்ஜின் பாகங்களுக்கு இடையிலான அடைப்பான்) பழுதாக இருக்கக்கூடும். அந்த நிலையில் வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெளிர்நிறப் பசை ஒட்டியிருந்து, குளிர்விப்பு நீர் குறையாமல் இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்தில் படியும் ஈரம்தான். அளவுகோலின் நுனியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அளவு கூடுவதால் வரும் தீங்கு ஆயில் நீர்த்துப்போவதோடு நிற்பதில்லை. மட்டம் மிக உயர்ந்தால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் சரியாக இழுக்காது. ஆயில் துளிகள் காற்றோட்டக் குழாய் வழியே மீண்டும் சிலிண்டருக்குப் போய் எரியும். டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. அதற்கு இத்தகைய துளிகளும் ஒரு காரணம்.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்

இப்போது கடைக்காரரிடம் வருவோம். 'முழு சிந்தெடிக்' என்ற சொல் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ., ஆயிலின் அடிப்படைத் திரவங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பவை. மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான் என்றாலும், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளையே மாற்றியமைத்து எடுப்பது. நான்காவது, பி.ஏ.ஓ. எனப்படும், சிறு மூலக்கூறுகளைக் கோத்துக் கோத்து உருவாக்கிய திரவம். எஸ்டர் முதலிய மற்ற அனைத்தும் ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் தொகுதியையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கிடையே வழக்கு எழுந்து, 1999இல் விளம்பரங்களுக்கான தன்னொழுங்கு அமைப்பு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் அங்கே அந்தச் சொல்லின் எல்லை விரிந்துவிட்டது. வேறு பல சந்தைகளிலும் இன்று வழக்கம் அதுவே.

இதனால் மூன்றாம் தொகுதி ஆயில் மட்டம் என்று பொருள் இல்லை. நன்கு தயாரித்த மூன்றாம் தொகுதி ஆயில் சாதாரணக் காருக்கு எல்லா வகையிலும் போதுமானது. நான் சொல்ல வருவது, அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு டப்பாக்களை ஒப்பிட முடியாது என்பதைத்தான். சிந்தெடிக் ஆயில் உண்மையிலேயே தரும் நன்மைகள் சில உண்டு: கடுங்குளிரில் உறையாமல் ஓடும், கடுஞ்சூட்டில் எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகாது, குறைவாக ஆவியாகும். டர்போவின் பேரிங் படும் சூட்டை நினைத்தால் உங்கள் என்ஜினுக்கு இவை தேவையானவைதான். ஆனால் பெட்ரோல் வந்து கலப்பதையும், தண்ணீர் படிவதையும், தூசி நுழைவதையும் எந்த சிந்தெடிக்கும் தடுக்காது. உங்கள் என்ஜினில் ஆயிலைக் கெடுப்பது சூடு இல்லை, சூடு போதாமைதான். 20,000 கிலோமீட்டர் வாக்குறுதி உங்களுக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான்.

ஆகவே டப்பாவைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். முதலில் கிரேடு. 5டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பலர் நினைப்பது போல எடையைக் குறிப்பது அன்று. முன்னால் உள்ள எண் சிறியதாக இருக்க இருக்கக் குளிரில் எளிதாக ஓடும். 5டபிள்யூ ஆயிலைக் கிளப்புதல் சோதனைக்கு மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துப் பார்க்கிறார்கள். பின்னால் உள்ள 30, என்ஜின் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரியில், அதன் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) எந்த வரம்புக்குள் இருக்கும் என்பதைச் சொல்கிறது.

அடுத்தது தரக்குறி. ஏ.பி.ஐ.யின் வட்ட முத்திரையில் மேலே 'எஸ்.பி.' போன்ற தரமும் நடுவில் கிரேடும் இருக்கும். எஸ்.பி. 2020இல் வந்தது, 2025இல் எஸ்.கியூ. வந்திருக்கிறது. பெட்ரோல் என்ஜின்களுக்கான இந்த வரிசையில் புதியது பழையதன் இடத்தை நிரப்பும் என்பதால், எஸ்.பி. கேட்கும் உங்கள் வண்டியில் எஸ்.கியூ. ஊற்றலாம், எஸ்.என்., எஸ்.எம். என்று பின்னோக்கிப் போகக் கூடாது. நான் மேலே சொன்ன, முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாற்றைத் தடுக்கும் சோதனை எஸ்.பி. தரத்தில் அடக்கம். ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் உப்புகள் அந்தக் கோளாற்றைத் தூண்டுவதாகத் தெரிந்ததால், அதில் ஒரு பங்கை மக்னீசியத்தால் மாற்றினார்கள். டர்போ என்ஜின் வைத்திருப்பவர் பிராண்டைவிட இந்த இரண்டெழுத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

மூன்றாவது, கார் நிறுவனத்தின் சொந்த அங்கீகார எண். உங்கள் கையேடு அப்படி எதையும் கேட்கவில்லை, ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். ஃபோக்ஸ்வேகன் 504 00, மெர்சிடிஸ் 229.51, பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-04 போன்ற எண்களைக் கேட்கும் வண்டிகளுக்கு, டப்பாவில் 'அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கிறதா, 'தேவைகளைப் பூர்த்தி செய்கிறது' என்று மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முன்னது கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்த ஒப்புதல். பின்னது ஆயில் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

கெட்டியாக இருந்தால் காக்குமா

மெக்கானிக்கின் அறிவுரையை நான் எளிதாக ஒதுக்கவில்லை. பழைய என்ஜின்களில் பேரிங் இடைவெளிகள் பெரிதாக இருந்த காலத்தில் கெட்டியான ஆயில் சத்தத்தைக் குறைத்தது, கசிவைக் குறைத்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பேச்சு அது. ஆனால் நான்கு ஆண்டு என்பது ஒரு என்ஜினுக்கு வயதே இல்லை. உங்கள் என்ஜினின் இடைவெளிகள், ஆயில் பம்ப், வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பின் நுண்ணிய துளைகள் அனைத்தும் 30 கிரேடின் ஓட்டத்தைக் கணக்கிட்டுச் செய்தவை. 100 டிகிரியில் 30 கிரேடின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 50 கிரேடுக்கு அது 16.3இல்தான் தொடங்குகிறது. குளிர்ந்த நிலையில் வேறுபாடு இன்னும் பெரியது. கெட்டியான ஆயிலைத் தள்ளும்போது அழுத்தம் உயரும், அழுத்தம் வரம்பைத் தாண்டியதும் பம்பின் விடுவிப்பு வால்வு திறந்து ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று நாம் மகிழும் அதே வேளையில், ஆயில் போய்ச் சேர வேண்டிய கேம் தண்டுக்கும் டர்போவுக்கும் அது தாமதமாகப் போகும். தேய்மானத்தில் கணிசமான பங்கு குளிர்ந்த நிலையில் கிளப்பிச் சூடேறும் வரையில் நிகழ்கிறது. ஒரு நாளில் நான்கு முறை குளிர்ந்த நிலையில் கிளப்பும் உங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

கெட்டியான ஆயிலுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. அதிக எடையை இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கும், தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய என்ஜின்களுக்கும் ஒரு படி மேலே போவது பலன் தரும். ஆனால் அந்த ஒரு படி கையேட்டின் மாற்றுக் கிரேடு அட்டவணைக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போகிறது என்றால் கெட்டியானதை ஊற்றிச் சமன்செய்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். நீர்த்துப்போன ஆயிலை மாற்றாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு சாக்காகத்தான் முடியும்.

எப்போது மாற்றுவது

நீங்கள் இணைத்து அனுப்பியிருக்கும் கையேட்டுப் பக்கத்தில், 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்ற வரியில் கோடிட்டிருக்கிறீர்கள். அதே அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். கடுமையான பயன்பாட்டில் 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று இருக்கிறது. கடுமையான பயன்பாடு என்றவுடன் மலையேற்றமும் பாரம் இழுப்பதும் நினைவுக்கு வருவதால், வீட்டுக்கும் வேலைக்கும் மெதுவாகப் போய் வரும் நம்மைப் போன்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் திரும்பத் திரும்பக் குறுந்தூரம் ஓட்டுவதும், நின்று நின்று நகரும் நெரிசலும், புழுதிச் சாலையும் இடம்பெற்றிருக்கும். ஒரு பயணத்துக்கு 8 கிலோமீட்டருக்குக் குறைவு என்று எண்ணிட்டே சொல்லும் கையேடுகளும் உண்டு. பொறுமையாக ஓட்டுகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் ஆயிலின் கணக்கில் உங்கள் ஓட்டம் கடுமையானது.

ஆகவே சாதாரணக் கணக்கில் ஒரு மாதமும், உங்களுக்கு உரிய கணக்கில் ஏழு மாதங்களும் கெடு கடந்திருக்கிறது. கிலோமீட்டர் இன்னும் மிச்சமிருக்கிறதே என்பது ஆறுதல் ஆகாது. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் ஓடிய 10,000 கிலோமீட்டர், ஐந்து ஐந்தாக ஓடிய 4,600 கிலோமீட்டரைவிட ஆயிலுக்கு எளிது. உங்களைப் பொறுத்தவரை நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும், ஓடோமீட்டரை அன்று.

உங்கள் அண்ணன் சொல்லும் 5,000 இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது. அந்த விதி பிறந்த காரணம் பழையது: கார்புரேட்டர் இருந்த நாட்களில் சோக் இழுத்துக் கிளப்பிய ஒவ்வொரு காலையும் ஆயிலில் பெட்ரோலைச் சேர்த்தது, அன்றைய ஆயில்களுக்கும் தாக்குப்பிடிக்கும் திறன் குறைவு. நாள்தோறும் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் போய் வருபவருக்கு அவருடைய விதி வீண்செலவு. அப்படிப்பட்டவர் கையேட்டின் முழுக் கெடுவையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சில ஐரோப்பிய கார்கள் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை போகின்றனவே என்று கேட்பீர்கள். அங்கே அதற்கென்றே வகுத்த ஆயில் தரம், அதற்கேற்ற ஆயில் கொள்ளளவு, ஓட்டத்தைக் கணித்துக் கெடுவைக் குறைக்கும் மென்பொருள் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஆயிலை மட்டும் வாங்கி ஊற்றினால் அந்த ஏற்பாட்டில் மூன்றில் ஒன்றைத்தான் வாங்கியவர்களாவோம். டாஷ்போர்டில் 'ஆயில் ஆயுள்' விழுக்காடு காட்டும் வண்டிகளிலும், பெரும்பாலானவை ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, எத்தனை முறை கிளப்பியது என்று கணக்குப் போட்டுச் சொல்கின்றன.

ஐயம் தீர வேண்டுமானால் மாற்றும்போது வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து சிறிது பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். பாகுத்தன்மை, பெட்ரோல் கலப்பு, அமிலத்தைச் சமன்செய்யும் திறன் எவ்வளவு மிச்சம் என்பவை தெரியும். இரும்பு கூடினால் சிலிண்டர், கேம் தேய்மானம்; ஈயமும் செம்பும் பேரிங்கைக் காட்டும்; சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி நுழைகிறது என்று பொருள்; சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் குளிர்விப்பு நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பதறக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று எடுத்து, எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

வாரண்டியும் பில்லும்

உங்கள் வாரண்டி இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கார் நிறுவனத்தின் முத்திரையுள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டுமா என்றால், பொதுவாக இல்லை; கையேடு சொல்லும் கிரேடும் தரமும் இருந்தால் போதும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே, இலவசமாகத் தராத குறிப்பிட்ட பிராண்டை வாரண்டிக்கு நிபந்தனையாக வைப்பதைத் தடுக்கிறது. உங்கள் நாட்டு விதியை வாரண்டிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கும் பொதுவானது ஒன்று: என்ஜினில் பழுது வந்து பேச்சு எழும்போது, என்ன ஆயில், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று காட்டும் தாள் உங்களிடம் இருக்க வேண்டும். பில்லில் கிரேடும் தரக்குறியும் எழுதி வாங்குங்கள், டப்பாவின் பின்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 20டபிள்யூ-50 ஊற்றினால் இந்த இடத்தில்தான் நீங்கள் கைகட்டி நிற்க நேரும். 20,000 கிலோமீட்டர் என்று டப்பாவில் இருந்தது என்ற வாதமும் அங்கே எடுபடாது, ஏனென்றால் ஆயில் நிறுவனம் கொடுத்த வாக்கு கார் நிறுவனத்தைக் கட்டாது. ஒரு மாதத் தாமதத்தை மறைக்க முன்தேதியிட்ட பில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஒரு மாதத் தாமதம் விளக்கக்கூடிய குறை, பொய்யான பில்லுக்கு விளக்கம் இல்லை.

மற்ற ஐயங்கள்

சிந்தெடிக்கிலிருந்து திரும்ப முடியாது என்பது உண்மையன்று. ஏ.பி.ஐ. தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருந்தாக வேண்டும். வழியில் அளவு குறைந்தால் வேறு பிராண்டையும் ஊற்றிச் சமாளிக்கலாம். சீல் கசியும் என்ற அச்சம் தொடக்க கால சிந்தெடிக் ஆயில்களோடு வந்தது. பி.ஏ.ஓ. சீலைச் சுருக்கும் இயல்புடையது, எஸ்டர் உப்பவைக்கும் இயல்புடையது. இன்று இவற்றைச் சமன்செய்துதான் தயாரிக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 5டபிள்யூ-30, எஸ்.பி. என்ற சேர்க்கையை முதல் தொகுதி ஆயிலை வைத்துத் தயாரிப்பது மிகவும் கடினம். நீங்கள் அஞ்சிக்கொண்டிருக்கும் மாற்றம் முதல் சர்வீஸிலேயே நடந்து முடிந்திருக்கக்கூடும். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிடுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நேரடியாகப் பீய்ச்சும் என்ஜின்களில் கரித்தூள் அதிகம். அதை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. நிறத்தைக் கொண்டு கெடு தீர்மானிக்க முடியாது. மாற்றுவதற்கு முன் 'என்ஜின் ஃப்ளஷ்' ஊற்றிக் கழுவச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு ஆண்டு வண்டிக்கு அது தேவையில்லை. மிச்சமாகும் அரை லிட்டரை மோட்டார் சைக்கிளில் ஊற்றலாமா என்ற கேள்விக்கும் இல்லை என்பதே பதில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது; காருக்கான 30 கிரேடு ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருளால் அது வழுக்கும். அதற்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 குறியுள்ள ஆயில் வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை

இந்த வாரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதுவரை ஏறியிருக்கும் ஆயிலோடு வேகமாக அழுத்தி ஓட்ட வேண்டாம். மாற்றும் நாளில் வண்டியை அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு வடிக்கச் சொல்லுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்போகிறவருக்கு மிக விலையுயர்ந்த பி.ஏ.ஓ. ஆயில் தேவையில்லை என்பது என் கருத்து. 5டபிள்யூ-30, எஸ்.பி. அல்லது எஸ்.கியூ. முத்திரை உள்ள, நம்பகமான கடையில் வாங்கிய, நடுத்தர விலை சிந்தெடிக் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள்.

குளிர்விப்பு அமைப்பில் நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் என்ஜின் எப்போதும் சூடேறாமலே ஓடி, பெட்ரோல் கலப்பு கூடும். வாரத்துக்கு ஒருமுறையாவது நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓட்ட வாய்த்தால் தண்ணீர் முழுவதும் வெளியேறும். ஐந்து கிலோமீட்டர் தூரங்களில் இரண்டை ஒரே பயணமாக இணைக்க முடிந்தால் குளிர்ந்த நிலையில் கிளப்பும் எண்ணிக்கை குறையும். தேய்மானத்துக்கு அதுவே பெரிய நிவாரணம்.

புதிய ஆயில் ஊற்றிய மறுநாள் காலை, சமதளத்தில் வண்டி நிற்கும்போது, கிளப்புவதற்கு முன் அளவுகோலை எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் பார்த்து அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். சற்றே குறைந்தால் கவலையில்லை. முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மீண்டும் மேற்குறியைத் தாண்டினால், அது உங்கள் குறுந்தூர ஓட்டத்தால் மட்டும் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். இஞ்செக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் முனை) எதுவும் மூடாமல் சொட்டுகிறதா என்று வாரண்டிக் காலம் முடிவதற்குள் சோதிக்கச் சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.